ஆட்டுக்காலுக்கு ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஆட்டுக்கால் வாங்கினால் என் ஓட்டு ஸ்லோ குக்கருக்கே, அதாவது கரண்டில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரத்துக்கே. ராத்திரி படுக்கும்போது 'லோ' என்ற குறைந்த சூட்டில் வைத்தால் 8 மணி நேரத்தில் எலும்பில் ஒட்டிய சவ்வெல்லாம் கரைந்து, சாறு விரலில் பிசுபிசுக்கும். காலை இட்லிக்குப் பாயா தயார். ஆவி அதிகம் வெளியேறாது, தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள். மூடியை அடிக்கடி திறந்தால் சூடு இறங்கிவிடும்.

பிரஷர் குக்கரில் அதே கால் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பு குறைவு. சாதம், பருப்புக்கு அதுதான் சரி. ராஜ்மாவுக்கும்தான்: ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அதன் நச்சு போகாது. ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே ஸ்லோ குக்கரில் போடலாம்.

அப்புறம், ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் கரண்டை நம்பிக் கறியை ராத்திரி முழுக்க விடாதீர்கள். அன்றைக்குக் கேஸ் அடுப்பும் விசிலும்தான்.