பானசோனிக் சிசி17-ஆ, சிசி55-ஆ, பாக்கெட்டோடு வரும் சார்ஜரே போதுமா?

ரீசார்ஜபிள் பென்சில் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எம்ஏஎச்?" (மில்லிஆம்பியர்-மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) என்றுதான். அதை இரண்டாவதாகக் கேட்டால் போதும். 2100 தடவை சார்ஜ் ஏற்றலாம் என்று அட்டையில் போட்டிருக்கும் பானசோனிக்கின் எனலூப் செல்லைக்கூட மட்டமான ஒரு சார்ஜர் சீக்கிரமே வீணாக்கிவிடும். சுமாரான செல்லாக இருந்தாலும், நல்ல சார்ஜரில் போட்டால் பல வருஷம் ஓடும். இங்கே பேசப்போவது ஏஏ, ஏஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களையும் அவற்றுக்கான சார்ஜர்களையும் பற்றி மட்டும்தான்.

முதலில் வேண்டாததைச் சொல்லிவிடலாம். நான்கு செல்லோடு சேர்த்து விற்கும் அடிப்படை சார்ஜர்களில் பல டைமர் வகை. செல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. 200 மில்லிஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் என்று வைத்திருந்தால், பாதி தீர்ந்த செல்லுக்கும் பத்து மணி நேரம்தான். இதில் நம் ஊர் கரண்ட் கட்டும் சேர்ந்துகொண்டால் கதை மோசம். எட்டாவது மணியில் கரண்ட் போய் வந்தால், சாதாரண டைமர் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். 2000 எம்ஏஎச் செல்லுக்குள் 3600 எம்ஏஎச் தள்ளப்படும். உள்ளே போக இடமில்லாதது சூடாகத்தான் மாறும். அந்தச் சூடு செல்லின் உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும், உள்மின்தடை ஏறும்.

இன்னொரு குறை, இரண்டிரண்டாகத்தான் போட முடியும். ஒன்று காலி, ஒன்று முக்கால்வாசி என்று ஒரு ஜோடி போனால், ஒன்று அரைகுறையாகவோ மற்றொன்று அளவுக்கு மீறியோதான் வெளியே வரும். கடையிலேயே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நான்கு குழிக்கு ஒரே விளக்கோ இரண்டு விளக்கோதான் இருந்தால், அல்லது "2 அல்லது 4 செல் மட்டும்" என்று எழுதியிருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஸ்மார்ட் சார்ஜர் செய்வது வேறு. செல் நிரம்ப நிரம்ப வோல்ட் ஏறிக்கொண்டே போகும். 1.5 வோல்ட்டை ஒட்டி உச்சம் தொட்டு, நிரம்பியதும் மயிரிழை கீழே இறங்கும். இந்த வகை செல்லில் அந்த இறக்கம் சில மில்லிவோல்ட்தான். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் சார்ஜரின் கெட்டிக்காரத்தனம். மின்னோட்டம் ரொம்பக் குறைவாக இருந்தால் இறக்கம் மங்கலாகித் தவறிப்போகும். ரொம்ப அதிகமாக இருந்தால் செல் கொதிக்கும். 2000 எம்ஏஎச் செல்லுக்கு 500 முதல் 1000 மில்லிஆம்பியர் வரை நல்ல இடம்.

பானசோனிக் பிக்யூ-சிசி17 அந்த அளவுக்கும் கீழேதான் இருக்கிறது: ஏஏ செல்லுக்கு 300, ஏஏஏ செல்லுக்கு 150 மில்லிஆம்பியர். நான்கு ஏஏ நிரம்ப சுமார் ஏழு மணி நேரம் பிடிக்கும். ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். நான்கு குழியும் தனித்தனி, நான்கு விளக்கு. ஒரே ஒரு செல்லைப் போட்டாலும் வேலை செய்யும். ஏஏ, ஏஏஏ இரண்டையும் கலந்து போடலாம். சார்ஜ் ஏறும்போது விளக்கு எரியும், நிரம்பினால் அணையும், செல்லில் கோளாறு என்றால் சிமிட்டும். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் செல் இளஞ்சூட்டைத் தாண்டுவதில்லை. எப்போதாவது நிறுத்தக் கொஞ்சம் தாமதமானாலும் சேதம் குறைவு. இரவு படுக்கும்போது போட்டுக் காலையில் எடுக்கிறவர்களுக்கு ஏழு மணி நேரம் ஒரு குறையே இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டாது. சுவரில் நேராகச் செருகுவது என்பதால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பக்கத்து சாக்கெட்டையும் மறைத்துக்கொள்ளும்.

சிசி55 அவசரக்காரர்களுக்கு. நான்கு ஏஏ மூன்று மணி நேரத்தில், ஒன்றோ இரண்டோ மட்டும் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்கே அளவைச் சொல்லும். ஆனால் இரண்டே செல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1500 மில்லிஆம்பியர் பாயும். தொட்டாலே நல்ல சூடு தெரியும். அதனால் அவசரம் இல்லாதபோது நான்காகப் போடுங்கள், 750-க்கு இறங்கிவிடும். கல்யாண போட்டோகிராபருக்கு, ஃப்ளாஷுக்காக, இது சரியான சார்ஜர். டிவி ரிமோட்டுக்கு இது தேவையே இல்லை.

ரிமோட் என்றதும் ஒன்று. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் ரீசார்ஜபிள் போடுவதே வீண். அவை உறிஞ்சுவது துளித்துளியாகத்தான். பெட்டிக்கடை செல்லே ஒரு வருஷம் ஓடும். பொம்மை கார், வயர்லெஸ் மவுஸ், மைக், நான்கு ஏஏ போடும் பிபி மெஷின், இவைதான் ரீசார்ஜபிளுக்கு ஏற்ற இடம். பிபி மெஷின் மட்டும் முன்கூட்டியே "பேட்டரி குறைவு" என்று காட்டலாம். 1.5 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்ட மெஷினில் 1.2 வோல்ட் செல் இருப்பதால்தான் அது. செல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பவரெக்ஸ் எம்எச்-சி9000, லா கிராஸ் பிசி-700 போன்ற திரை வைத்த சார்ஜர்கள் கொள்ளளவையும் அளந்து சொல்லும். சி9000-இன் பிரேக்-இன் முறை செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 16 மணி நேரம் ஏற்றி, காலி செய்து, மறுபடி 16 மணி நேரம் ஏற்றும். மொத்தம் 39 மணி நேரம். நீண்ட நாள் கிடப்பில் இருந்த செல்லை இது ஓரளவு தேற்றும். இருபது, முப்பது செல் புழங்கும் வீட்டுக்கு லாபம். நான்கு செல்லுக்கு இது ஆடம்பரம்.

செல் வாங்கும்போது இரண்டு ஏமாற்று வேலைகளைக் கவனியுங்கள். ஏஏ அளவில் நிஜமாக எட்டக்கூடியது சுமார் 2500 எம்ஏஎச். 4000, 5000 என்று அச்சடித்திருந்தால் பொய். தராசில் வைத்தால் தெரிந்துவிடும். 2000 எம்ஏஎச் செல் ஏறக்குறைய 26, 27 கிராம் இருக்கும். 18 கிராம்தான் என்றால் உள்ளே சரக்கு இல்லை. இரண்டாவது, டைப்-சி ஓட்டை வைத்த 1.5 வோல்ட் லித்தியம் செல்லில் எம்ஏஎச்சுக்குப் பதிலாக எம்டபிள்யூஎச் (மில்லிவாட்-மணி, அதாவது எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கியது) என்று போடுவார்கள். 3000 எம்டபிள்யூஎச் என்பது பெரிதாகத் தெரிந்தாலும் 1.5-ஆல் வகுத்தால் 2000 எம்ஏஎச்தான். நிக்கல் செல்லின் 2000 எம்ஏஎச் 2400 எம்டபிள்யூஎச் ஆகும், ஆக வித்தியாசம் கால்வாசிதான். இந்த லித்தியம் செல்லை மேலே சொன்ன எந்த சார்ஜரிலும் போடக் கூடாது. சாதாரண ஆல்கலைன் செல்லையும் அப்படியே. கசியும், வெடிக்கவும் வாய்ப்புண்டு.

பழக்கங்களில் முக்கியமானது செட் பிரிக்காமல் இருப்பது. ஒன்றாக வாங்கிய நான்கின் மேலும் மார்க்கரில் ஒரே எழுத்தையும் வாங்கிய மாதத்தையும் எழுதி வைத்து, ஒன்றாகவே போட்டு, ஒன்றாகவே சார்ஜ் ஏற்றுங்கள். புதிதும் பழசும் கலந்தால், பலவீனமான செல் முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளத் தள்ள, அதன் துருவமே தலைகீழாகும். உள்ளே வாயு சேர்ந்து வால்வு திறக்கும், போன கொள்ளளவு திரும்பாது. டார்ச் மங்கத் தொடங்கியதும் அணைத்துவிடுவது நல்லது. "முழுசாத் தீரட்டும்" என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம்.

மே மாத மதியத்தில் சன்னல் ஓரமோ ஃப்ரிட்ஜ் மேலேயோ சார்ஜர் வேண்டாம். அறை 40 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கு இரவில் போடலாம். சார்ஜ் ஏறிய செல்லை சாவிக்கொத்து கிடக்கும் டப்பாவில் போடாதீர்கள், ஷார்ட் ஆகும்.

விளக்கு சிமிட்டி செல்லை ஏற்க மறுத்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். மல்டிமீட்டரில் 0.5 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால், அது ரொம்பவும் காலியாகி இருக்கிறது. அந்த வேண்டாத டைமர் சார்ஜருக்கு இங்கேதான் ஒரு வேலை: அதில் பத்து நிமிடம் வைத்து, பிறகு ஸ்மார்ட் சார்ஜருக்கு மாற்றினால் பல சமயம் எடுத்துக்கொள்ளும். நிரம்பியபின் ஒரு நாள் சும்மா வைத்துப் பாருங்கள். 1.3-ஐ ஒட்டி நின்றால் பிழைத்தது. 1.2-க்குக் கீழே இறங்கினால் உள்ளேயே ஒழுகுகிறது.

மிச்சக் கொள்ளளவை அளக்கத் திரை வைத்த சார்ஜர் கட்டாயம் இல்லை. 2.2 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒற்றைச் செல் ஹோல்டரில் இணைத்து, முழுசாக ஏறிய செல்லைப் போட்டு நேரம் பாருங்கள். சுமார் 545 மில்லிஆம்பியர் ஓடும். 1 வோல்ட்டைத் தொட்டதும் கட்டாயம் கழற்ற வேண்டும். மறந்தால் சோதனையே செல்லைக் கொன்றுவிடும். 2000 எம்ஏஎச் செல் மூன்று மணி நாற்பது நிமிடத்தை ஒட்டி நின்றால் புதிது மாதிரி. இரண்டே கால் மணி நேரத்துக்குள் படுத்துவிட்டால் அறுபது சதவீதம்தான் மிச்சம். அதை செட்டிலிருந்து எடுத்து, ஒற்றைச் செல்லில் ஓடும் மவுஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.