ஆறு வார விடுமுறையில் என்ன செய்யலாம்: சி.பி. பிள்ளையோடு ஊருக்கு வரும் பெற்றோருக்கு

செரிப்ரல் பால்சி (சி.பி.: மூளைப் பாதிப்பால் உடலசைவும் தசைக் கட்டுப்பாடும் தடைப்படும் நிலை) உள்ள பிள்ளையோடு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "ஆறு வாரத்தில் எத்தனை சிட்டிங் பிசியோ எடுத்துவிடலாம்?" என்பதுதான். தினம் ஒரு மணி நேரம் என்றாலும் 30, 35 மணி நேரம் தேறும். அதே ஆறு வாரத்தில் பிள்ளை விழித்திருப்பது 500 மணிக்கு மேல். அந்த நேரமெல்லாம் அதைத் தூக்கி, உட்காரவைத்து, ஊட்டுகிற கை எதுவோ, அந்தக் கைக்குத்தான் பயிற்சி வேண்டும். தமிழ்நாட்டின் நல்ல மையங்கள் இதை வெகு காலமாகச் சொல்லிவருகின்றன.

சென்னை தி.நகரிலுள்ள மதுரம் நாராயணன் மையத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே காத்திருக்க முடியாது. அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அங்குள்ள 'உபநயன்' பாடத்திட்டம் முதல் இரண்டு வயதுக்கான 250 திறன்களை ஐந்து பிரிவாக வரிசைப்படுத்தியிருக்கிறது. அடுத்து எது என்று பெற்றோருக்கே தெரிந்துவிடும். கோட்டூர்புரம் வித்யாசாகர் 1985 முதல் சி.பி. பிள்ளைகளோடு வேலை செய்கிறது. பேச்சு வராத பிள்ளைக்கு, படத்தைத் தொட்டுக்காட்டித் தேவையைச் சொல்ல உதவும் படப்பலகை அமைக்க வேண்டுமானால் அங்கே கேளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டு நிறுவனத்தில் பல துறை ஆட்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். தென்மாவட்டக்காரர்களுக்குத் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. அவர்களுடைய களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், அந்த வீட்டுத் திண்ணையையும் பாயையும் வைத்தே பயிற்சி சொல்லித்தருகிறார்கள். எங்கே போவதானாலும் வெளிநாட்டிலிருந்து கிளம்புமுன்பே முன்பதிவு செய்துவிடுங்கள்.

பாதத்தையும் கணுக்காலையும் சரியான கோணத்தில் பிடித்துவைக்கும் கால் ஸ்ப்ளின்ட் செய்ய வேண்டுமென்றால் வந்த முதல் வாரமே அளவு கொடுத்துவிட வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது. மாவுக்கட்டுப் போல அச்சு எடுத்து, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்து, போட்டுப்பார்த்து, உரசும் இடத்தைச் சூடுகாட்டித் திருத்த வேண்டும். இரண்டு மூன்று தடவையாவது போய்வர வேண்டியிருக்கும். கடைசி வாரம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினால் திருத்த ஆளில்லாமல் அது அலமாரியில் கிடக்கும். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் குதிகால், இரு கணுக்கால் எலும்பு, பாதத்தின் உள்பக்கம் எல்லாம் பாருங்கள். சிவப்பு 20, 30 நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தைத் தளர்த்தச் சொல்லுங்கள். குதிகால் உள்ளே முழுதாக உட்காராமல் மேலே எழும்பினால் கணுக்கால் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது கெண்டைக்கால் தசை அந்தக் கோணத்துக்கு இடம்கொடுக்காத அளவு இறுகியிருக்கிறது. பட்டையை இன்னும் இழுத்துக் கட்டினால் புண்தான் வரும். நம் வெயிலில் சுருக்கமில்லாத பருத்திக் காலுறை கட்டாயம்.

பிள்ளை நிமிர்ந்து உட்காருவதற்கான தனி நாற்காலியை உள்ளூர் தச்சரே பிளைவுட்டில் செய்துவிடுவார், அளவைச் சரியாகக் கொடுத்தால். பிள்ளையை நேராக உட்காரவைத்து, பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, இரண்டு விரற்கடை குறைத்தால் அது இருக்கையின் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, ஸ்ப்ளின்ட்டும் ஷூவும் போட்டு அளந்தால் உயரம். நாற்காலியின் முன்னால் பொருத்தும் தட்டுப்பலகை முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடை தைப்பது போலப் பெரிதாகச் செய்யாதீர்கள். ஆழம் கூடினால் முதுகு பின்பலகையில் படாது, இடுப்பு முன்னால் சறுக்கும், பிள்ளை கூன்போட்டு உட்காரும். கால்பலகையை ஏற்றி இறக்கும்படியும், முதுகுக்குப் பின்னால் எடுக்கக்கூடிய பலகை வைத்தும் செய்தால் வளர்ச்சிக்கு இடம் கிடைக்கும். சறுக்காமல் பிடிப்பது இடுப்புப் பட்டை. அது வயிற்றின் மேல் ஓடாமல், தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் சாய்வாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே வைக்கும் கட்டை கால்களை அகற்றிவைக்க மட்டுமே. சறுக்கலைத் தடுக்க அதை நம்பினால் பிள்ளைக்கு வலிக்கும்.

ஊட்டும் முறையைப் பாட்டியோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். பிள்ளையை மடியில் மல்லாத்தி, தலையை அண்ணாத்தி, பாலாடையாலோ சங்காலோ புகட்டுவது பாசத்தோடு வந்த பழக்கம். விழுங்கச் சிரமப்படும் சி.பி. பிள்ளைக்கோ அது ஆபத்து. திரவம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அடிக்கடி வரும் மார்ச்சளியும் காய்ச்சலும் இதனால் இருக்கலாம். நேராக உட்காரவைத்து, தலை லேசாக முன்சாய்ந்து, தாடை சற்றுக் கீழே இருக்கட்டும். ஆழமில்லாத சிறு கரண்டியால் நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழிக்கக் கூடாது. ரசம் சாதம்தான் எல்லாவற்றிலும் கடினம்: தண்ணீர் முதலில் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். கெட்டியான ராகிக் கூழ், குழைய மசித்த பருப்புச் சாதம் போல ஒரே பதத்தில் இருப்பது எளிது. இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் குரல் கரகரப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு விழுங்குதலைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம்.

படப்பலகை எந்த மொழியில் என்ற குழப்பம் வெளிநாட்டுக் குடும்பங்களில் அதிகம். இரண்டு மொழி கேட்டால் பேச்சு இன்னும் பின்தங்கும் என்று அஞ்சித் தமிழை நிறுத்திவிட வேண்டாம். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. தாத்தாவிடம் தண்ணீர் கேட்கப் பிள்ளைக்குத் தமிழ்தான் வேண்டும். 'வேண்டும்', 'போதும்', 'இன்னும்', 'வலிக்குது', 'வெளியே' என்று ஐந்தாறு படத்தில் தொடங்கி, வீட்டார் எல்லோரும் தாங்களும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். பெரியவர்கள் தொடாத பலகையைப் பிள்ளையும் தொடாது.

ஊரிலேயே உள்ள உறவினர் பிள்ளைக்கு உதவ நினைப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் மூன்று வாசலைக் காட்டிக்கொடுங்கள். பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையம். பள்ளிக்குப் போக முடியாத பிள்ளையின் வீட்டுக்கே சிறப்பாசிரியரையும் பிசியோவையும் அனுப்பும் வட்டார வள மையம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கான மாநிலப் பராமரிப்பு உதவி 2023-இல் மாதம் 2,000 ரூபாயானது. மருத்துவச் சான்று எடுக்கப் போகும்போது பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், ஆதார் மூன்றும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

கிளம்பும் வாரத்தில் தெரபிஸ்ட் செய்துகாட்ட வீடியோ எடுப்பதோடு நிற்காதீர்கள். நீங்கள் செய்ய, அவர் திருத்த, அதை எடுங்கள். உங்கள் கை எங்கே தவறுகிறது என்பது அதில்தான் பதிவாகும். நாற்காலி அளவுகளையும் அன்றைய தேதியையும் பின்பலகையிலேயே எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்க உதவும். ஸ்ப்ளின்ட்டைப் பெட்டியில் போட வேண்டாம், கைப்பையில் வரட்டும்.