முன்பாதத்தில் இறங்குவதா, அடிகளைக் கூட்டுவதா?

ஓடுகிறவர்களுக்கு வலி ஒருமுறை வந்து போவது பெரிய விஷயமில்லை. அதே முழங்காலில் அதே இடத்தில் மூன்றாவது முறையும் வந்தால்தான் சிக்கல். ஓய்வெடுத்தால் வலி அடங்கும். அடங்கிய மறுநாளே பழைய வேகத்தில் பழைய தூரம் ஓடினால் திரும்ப வராமல் என்ன செய்யும்? அப்போதுதான் 'ஓடுற விதத்தையே மாத்து' என்று நாலு பேர் சொல்ல ஆரம்பிப்பார்கள். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதில் இரண்டு கட்சி. குதிகாலில் இறங்காதே, முன்பாதத்தில் இறங்கு என்பது ஒன்று. பாதத்தை விடு, எட்டி வைப்பதைக் குறைத்து நிமிடத்துக்கான அடிகளைக் கூட்டு என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி.

முன்பாதக் கட்சிக்காரர்கள் முதலில் இழுப்பது அபேபே பிகிலாவை. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி ஜெயித்தவர். உண்மைதான். ஆனால் 1964 டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடி, இன்னும் 3 நிமிடம் குறைவாக முடித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. முன்பாதத்தில் இறங்கினால் முழங்காலுக்கு வரும் சுமை குறையும், அது நிஜம். குறைந்த சுமை எங்கே போகும்? ஆடுசதைக்கும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணுக்கும் போகும். முழங்கால் சில்லைச் சுற்றி வலி, ஆடுசதை நல்ல பலம், பொறுமையும் உண்டு என்றால் முயலலாம். ஏற்கெனவே குதிகால் வலியோ தசைநாண் வலியோ வந்தவர் இந்தப் பக்கமே போகக்கூடாது. முயல்பவரும் முதலில் ஓரிரு நிமிடம்தான் இப்படி ஓட வேண்டும். பழகுவதற்கு மாதக்கணக்காகும். இதற்காக அவசரமாக அடிப்பாகம் மெல்லிய ஷூவுக்கு மாறியவர்களுக்குப் பாத எலும்பிலேயே பாதிப்பு வந்திருக்கிறது.

அடிகளைக் கூட்டுவதில் இந்த ஆபத்தெல்லாம் மிகக் குறைவு. சமதரையில் வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 160 வந்தால் 168 ஆக்குங்கள், போதும். 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலும் இடுப்பும் வாங்கும் சுமை குறைகிறது என்று ஆய்வகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழாமல் கிட்டத்தட்ட இடுப்புக்குக் கீழேயே விழுவதுதான் காரணம். எல்லோருக்கும் நிமிடத்துக்கு 180 அடி என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அது 1984 ஒலிம்பிக்கில் முன்னணி வீரர்களின் அடிகளை எண்ணியதில் வந்தது. பந்தய வேகத்தில் அவர்கள் வைத்த அடியை, காலையில் மெதுவாக ஓடும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இதில் ஒரு பொறி உண்டு. அடியைக் கூட்டச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வேகத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். வேகம் அதேதான் இருக்க வேண்டும், அடி மட்டும் குட்டையாக வேண்டும். போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை ஓடவிட்டு, ஒரு நிமிடம் தாளத்தோடு, ஒரு நிமிடம் சும்மா என்று பழகினால் பிடிபட்டுவிடும்.

நம்ம ஊர்க் காற்றும் இதில் சேர்த்தி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்து ஓடினால் எட்டி வைப்பது தானாகவே சுருங்கும். திரும்பிக் கிழக்கே வேலந்தாவளம் பக்கம் ஓடும்போது காற்று முதுகில் தள்ளும், கால் நீண்டு குதிகால் டம்மென்று முன்னால் போய் இறங்கும். தாளம் வேண்டியது அந்தத் திரும்பும் வழியில்தான்.

இரண்டு கட்சியும் மறக்கிற சங்கதி ஒன்று: பலமில்லாத காலை எந்த விதத்தில் ஓட்டினாலும் வலிக்கும். தசைநாண் வலிக்காரர்களுக்குப் படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல இறக்கும் பழைய பயிற்சி இருக்கிறது. முட்டியை நீட்டி 15 முறை, மடக்கி 15 முறை, ஒவ்வொன்றும் மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் உண்டு.

விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி எலும்பில் ஒரே இடத்தில் வலி, அதுவும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், கேரளப் போலீஸ் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகளுக்கு. 1500 மீட்டரை 5 நிமிடம் 44 விநாடியில் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடும் விதத்தை மாற்றாதீர்கள். எட்டுப் போட்டியில் ஐந்தில் தேறினால் போதும். கால் முரண்டு பிடித்தால் குண்டெறிதலையும் கயிறேறுதலையும் பாருங்கள்.