வன்பொருளை நேரடியாக ஒப்படைத்த மெய்நிகர் கணினிகள்: மூன்று ஆண்டுகளில் கற்ற நினைவகக் கணக்கு

எங்கள் சிறிய காணொளித் தொகுப்பு அலுவலகத்தில், 64 ஜிபி ரேம் கொண்ட ஒரே சர்வரில் மூன்று ஆண்டுகளாக நான்கு மெய்நிகர் கணினிகளை (ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளாக இயங்கும் தனிக் கணினிகள்) லினக்ஸின் கேவிஎம் வசதி வழியாக இயக்கி வருகிறேன். தொகுப்பு வேலைக்கான விண்டோஸ் கணினிக்குக் கிராஃபிக்ஸ் கார்டையும், கோப்புச் சேமிப்புக்கான கணினிக்கு ஹார்டு டிஸ்குகள் இணைந்துள்ள கன்ட்ரோலரையும் விஎஃப்ஐஓ என்ற லினக்ஸ் வசதி மூலம் நேரடியாக ஒப்படைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் சாதாரண லினக்ஸ் கணினிகள். வேகத்தைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் பாடம் படித்தது முழுக்க நினைவகத்தில்தான்.

வித்தியாசம் முதல் நாளே கண்ணில் பட்டது. சாதாரண லினக்ஸ் கணினிக்கு 4 ஜிபி ஒதுக்கித் தொடங்கினால், அது தொட்ட பக்கங்களுக்கு (ரேம் பிரிக்கப்படும் சிறு துண்டுகள்) மட்டுமே ஹோஸ்டின், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் சர்வரின், ரேம் செலவாகிறது. தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு ஜிபிகூடத் தாண்டாது. விண்டோஸ் கணினிக்கு 24 ஜிபி ஒதுக்கித் தொடக்கப் பொத்தானை அழுத்தியபோதோ, திரையில் எதுவும் தோன்றுவதற்கு முன்பே ஹோஸ்டில் காலியாக இருந்த ரேம் 24 ஜிபி குறைந்துவிட்டது. உள்ளே விண்டோஸ் இன்னும் எழவே இல்லை.

காரணம் எளிது. ஒப்படைக்கப்பட்ட சாதனம் பிராசஸரைக் கேட்காமல் டிஎம்ஏ வழியாக நேரடியாக ரேமில் எழுதுகிறது. பிராசஸர் ஒரு பக்கத்தைத் தேடி அது இல்லையென்றால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அந்த இடத்தில் நிறுத்தி, பக்கத்தைக் கொண்டுவந்து, பிறகு தொடரச் செய்யும். வழக்கமான விஎஃப்ஐஓ அமைப்பில் சாதனத்தை அப்படிக் காத்திருக்க வைக்க இயலாது. எந்தப் பக்கத்தைச் சாதனத்துக்குக் கொடுக்கப்போகிறது என்பதை மெய்நிகர் கணினி ஹோஸ்டிடம் சொல்வதும் இல்லை. ஆகவே அதன் நினைவகம் முழுவதும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, சாதனங்களின் ரேம் அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவில் பதியப்பட்டு, இடம் மாறாதபடி பூட்டப்படுகிறது. பூட்டிய பக்கம் டிஸ்கில் உள்ள ஸ்வாப் இடத்துக்குப் போகாது. ஒரே உள்ளடக்கம் கொண்ட பக்கங்களை இணைத்துச் சேமிக்கும் கேஎஸ்எம்மும் அதைத் தொடாது.

மெய்நிகர் கணினிக்குத் தேவையில்லாத ரேமை ஹோஸ்டுக்குத் திரும்பப் பெறும் பலூன் வசதியின் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் நானும் ஏமாந்தேன். குறைந்தபட்சம் 12, அதிகபட்சம் 24 ஜிபி என்று அமைத்துவிட்டால், தேவையில்லாதபோது 12 ஜிபி திரும்பிவிடும் என்று நம்பினேன். உள்ளே பலூன் ஊதியது. விண்டோஸும் தன்னிடம் 12 ஜிபிதான் மிச்சம் என்று எண்ணிக்கொண்டு திணறியது. ஆனால் ஹோஸ்டுக்கு ஒரு பக்கம்கூடத் திரும்பி வரவில்லை. இது குறைபாடு அல்ல, பாதுகாப்பு. பூட்டிய பக்கத்தை ஹோஸ்ட் எடுத்துக்கொண்டு பின்னர் வேறு பக்கத்தைக் கொடுத்தால், பிராசஸர் புதிய பக்கத்தையும் சாதனம் பழைய பக்கத்தையும் பார்க்கும். தரவு சத்தமின்றிச் சிதையும். அதனால்தான் விஎஃப்ஐஓ சாதனம் இணைந்திருக்கும்போது பலூன் விடும் பக்கங்களை ஹோஸ்டுக்குத் திருப்பாமல், மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான கியூஇமு தடுத்துவிடுகிறது. மெய்நிகர் கணினி இழப்பதை ஹோஸ்ட் பெறுவதில்லை என்பதால், இத்தகைய கணினிகளில் பலூனை முழுமையாக அணைத்துவைப்பதே சரி.

எனக்கு நேர்ந்த பெரிய விபத்து கூட்டல் கழித்தலில் வந்தது. விண்டோஸுக்கு 24, சேமிப்புக் கணினிக்கு 16 என 40 ஜிபி பூட்டப்பட்டுவிட்டால், மிஞ்சுவது 24. ஹோஸ்டின் டிஸ்குகளில் நான் நிறுவியிருந்தது இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. அப்போதைய இயல்பு அமைப்பின்படி அதன் கேச் (டிஸ்க் தரவை ரேமில் வைத்திருக்கும் இடம்), மொத்த ரேமில் பாதிவரை, அதாவது 32 ஜிபிவரை வளரலாம். அந்த உச்ச வரம்பை நான் மாற்றியிருக்கவில்லை. ஒரு நாள் முற்பகலில், பெரிய காணொளி ஒன்றுக்காக விண்டோஸின் நினைவகத்தை 32 ஜிபியாக உயர்த்தி மறுபடி தொடங்கினேன். கேச் சுருங்கக்கூடியதுதான், ஆனால் ஒரே மூச்சில் கேட்கப்படும் 32 ஜிபிக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் அது சுருங்கவில்லை. அரை நிமிடத்தில் அலுவலகத்தின் பொதுக் கோப்புறைகள் எல்லாம் உறைந்து நின்றன. கெர்னல் பதிவேட்டைத் திறந்தபோது, ரேம் தீர்ந்ததால் சேமிப்புக் கணினியின் கியூஇமு செயல்முறை நிறுத்தப்பட்டது என்ற வரி இருந்தது. ரேம் தீரும்போது கெர்னல் பெரும்பாலும் அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் செயல்முறையையே பலியிடும். முழு நினைவகத்தையும் பூட்டிவைத்திருக்கும் மெய்நிகர் கணினி எப்போதும் அந்தப் பட்டியலின் மேல்பகுதியில்தான் இருக்கும். டிஸ்குகளுக்குச் சேதம் இல்லை. ஒருவர் அரை நாள் உழைத்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்த கோப்பு மட்டும் போய்விட்டது. அதைத் திரும்பச் செய்ய அவர் இரவுவரை அமர்ந்திருந்தார்.

அன்றிரவே கேச்சின் உச்ச வரம்பை 6 ஜிபியாகக் குறைத்தேன். சாதாரணக் கணினிகள் இரண்டுக்கும் 8 ஜிபி போனால், கியூஇமுவின் சொந்தச் செலவுக்கும் ஹோஸ்டுக்கும் 10 ஜிபி நிற்கிறது. விண்டோஸை 24 ஜிபிக்கே திருப்பிவிட்டேன்.

அடுத்து செய்த மாற்றம்தான் எனக்கு அதிக நிம்மதி தந்தது: 1 ஜிபி அளவுள்ள பெரும் பக்கங்கள். 24 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பூட்டினால் சுமார் 63 லட்சம் பக்கங்கள். 1 ஜிபி பக்கங்களில் வெறும் 24. விண்டோஸ் தொடங்கும் முன் இருந்த நீண்ட மௌனம் கண்கூடாகக் குறைந்தது. ஆனால் இவற்றை ஹோஸ்ட் பூட் ஆகும்போதே கெர்னல் அளவுருவில் கேட்டுவிட வேண்டும். சில நாட்கள் ஓடிய ஹோஸ்டில் ரேம் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். தொடர்ச்சியான 1 ஜிபி கிடைப்பது அரிது. ஓடிக்கொண்டிருந்த ஹோஸ்டில் நான் 16 பக்கங்கள் கேட்டுப் பார்த்தேன். கட்டளை பிழையின்றி முடிந்தது. எண்ணிக்கையைத் திரும்பப் படித்தபோது 3 என்று இருந்தது. கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் கெர்னல் பிழை காட்டாது என்பதால், திரும்பப் படிப்பதை யாரும் தவிர்க்க வேண்டாம்.

இதற்கு விலையும் உண்டு. விண்டோஸை அணைத்தாலும் அந்த 24 ஜிபி வேறு எதற்கும் பயன்படாமல் ஒதுங்கியே கிடக்கிறது. இரவில் காப்பு நகல் எடுக்கும்போது அது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் பக்கங்கள் போதாவிட்டால் புதிய கணினி தொடங்க மறுக்கும், ஓடிக்கொண்டிருப்பது சாகாது. எனக்கு இதுதான் முக்கியம். இரண்டு பிராசஸர் சாக்கெட் உள்ள சர்வர்களில், கார்டு எந்தச் சாக்கெட்டுடன் இணைந்திருக்கிறதோ அந்தச் சாக்கெட்டின் ரேமிலேயே ஒதுக்க வேண்டும். என்னுடையது ஒரே சாக்கெட் என்பதால் அந்தக் கவலை இல்லை.

நெகிழ்வு கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ரேமைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் விர்டியோ மெம் இருக்கிறது. 2021இல் வந்த கியூஇமு 6.1 முதல் அது விஎஃப்ஐஓவுடன் சேர்ந்து இயங்குகிறது. இணைத்த பகுதிகளை மட்டுமே சாதனத்துக்குப் பதிந்து, விலக்கும்போது பதிவையும் நீக்கிவிடுகிறது. லினக்ஸ் கணினி ஒன்றில் சோதித்தேன், நன்றாகவே இருந்தது.

சென்ற மாதம் சிறிய கணினி ஒன்றுக்கு யூஎஸ்பி உரிமச் சாவி ஒன்று தேவைப்பட்டது. யூஎஸ்பி கன்ட்ரோலரையே ஒப்படைத்திருந்தால் அந்தக் கணினியின் 4 ஜிபியும் பூட்டப்பட்டு, பலூனும் கேஎஸ்எம்மும் அங்கேயும் பயனற்றுப் போயிருக்கும். சாவியை மட்டும் கியூஇமுவின் யூஎஸ்பி வழியில் கொடுத்தேன். அதில் விஎஃப்ஐஓ நுழைவதில்லை, எனவே நினைவகமும் பூட்டப்படவில்லை. இன்று காலை பார்த்தபோது அந்தக் கணினி ஹோஸ்டில் எடுத்திருந்தது 1.3 ஜிபி.