ஹெரால்டும் அதன் பானட்டும்: பதினோரு ஆண்டுத் தகராறு

1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாகக் கோத்தகிரியில் ஓட்டிவருகிறேன். 948 சிசி என்ஜின் என்னைப் படுத்தியதைவிட அதன் மேலிருக்கும் பானட் படுத்தியதுதான் அதிகம்.

மற்ற கார்களில் பானட் வெறும் மூடி. வண்டலூரில் தயாரான இந்தக் காரில் இரண்டு மட்கார்டுகள், ஹெட்லைட், கிரில் எல்லாம் அதனோடு ஒரே உடம்பு. கீல்கள் மூக்கருகே இருப்பதால் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். திறந்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து, கையில் தேநீரோடு ஸ்பார்க் பிளக் கழற்றலாம். அந்தச் சுகத்துக்காகவே இதை வாங்கினேன் என்றாலும் தப்பில்லை. மூடுவதில்தான் வினை. கதவுகளுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொண்டிகள். இரண்டும் ஒரே இழுப்பில் விழ வேண்டும்.

என் வண்டியில் வலப்பக்கக் கொண்டி வெண்ணெய்போல விழும். இடப்பக்கத்துக்கு முழங்காலால் ஓர் உந்து கொடுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒருநாள் இடது கொண்டி தானாகத் தெறித்துக்கொண்டது. கீல் முன்னால் இருப்பதால் எதிர்க்காற்று பானட்டை அமுக்கியே பிடிக்கும். கண்ணாடியில் வந்து அடிக்காது. ஆனால் அடுத்த கொண்டை ஊசி வளைவு வரை தகரம் லொடலொடவென்று அடித்துக்கொண்டதில் மனைவி பேச்சையே நிறுத்திவிட்டாள்.

முதல் மூன்று ஆண்டுகள் நான் செய்தது ஒரே தவறு: கொண்டியையே திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்த்தினேன், வாஷர் வைத்தேன், புதுப்பேட்டையில் தேடி வேறொரு ஜோடி வாங்கி மாட்டினேன். ஒரு டிங்கர் பட்டறையில் பானட்டின் ஓரத்தையே சுத்தியலால் தட்டி ‘சரி’ செய்து தந்தார்கள். அந்த வடு பெயின்ட்டுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. எதைச் செய்தாலும் இரண்டு வாரம்தான். மழை வந்தால் பழையபடி இடுக்கு வழியே நீர் இறங்கி, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டரை நனைக்கும், வண்டி இருமும். கோத்தகிரியில் ஐப்பசி மழை எப்படிப் பெய்யும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

குற்றவாளி என் வீட்டு வாசல். ஹெரால்டுக்குச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, உடம்பு தனி. உடம்பும் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டியது. எங்கள் வாசலோ சரிவு, ஒரு சக்கரம் எப்போதும் கல்லின் மேல். அந்த நிலையில் சேசிஸ் லேசாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய வண்டியில் பார்த்துப் பார்த்து வைத்த அளவு, சாலையில் இறங்கியதும் பொய்யாகிவிடும். மலையில் சமதளம் கிடைப்பதும் லேசில்லை. தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தொழிற்சாலையில், இலை இறக்கும் சிமென்ட் தரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன்.

அங்கே மூன்று பேராக வேலையைத் தலைகீழ் வரிசையில் தொடங்கினோம். முதலில் பானட்டைத் தொடவே இல்லை. கதவின் இடைவெளியைப் பார்த்தோம்: இடதுபக்கம் மேலே குறுகி, கீழே அகன்றிருந்தது. அடியில் போய்ப் பார்த்தால், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கையில் துரு. மேலிருந்த ரப்பர் திண்டு அப்பளமாக நசுங்கியிருந்தது. துருவை வெட்டி வெல்டிங் வைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. பிறகு மறுபடியும் அதே தரை. முன்னாலுள்ள கீல் பிடிகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இருவர் பானட்டைத் தாங்க, முன்னும் பின்னும் நகர்த்தினோம். என் அளவுகோல் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். கண்ணாடிக்குக் கீழுள்ள சந்தில் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் அது ஒரே இறுக்கத்தில் நுழைய வேண்டும். இடது ஓரத்தில் நுழைய மறுத்தது. ஒரு நூலளவு முன்னே தள்ளியதும் நுழைந்தது. அதன் பிறகே, மூடிய பானட்டின் பின்பகுதி வந்து உட்காரும் கூம்பு ரப்பர்களின் பூட்டு நட்டைத் தளர்த்தி உயரம் வைத்தோம். ரப்பர் மேல் சாக்பீஸ் தடவி மூடித் திறந்தால், இரு பக்கமும் சமமாகப் பதிகிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாகக் கொண்டி. அதற்கு வேலையே இருக்கவில்லை. கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கூம்பு ரப்பரை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் அடியில் துரு பார்ப்பேன். மூடும்போது ஒரு பக்கமாக அமுக்காமல் நடுவில் இரு கைகளையும் வைத்து இறக்குவேன். வேறு யாரும் மூட வந்தால் கையைத் தட்டிவிடுவதாக வீட்டில் புகார் உண்டு. சிறிய ஹெரால்டு வளைவுகளில் திரும்பும் அழகைப் பார்த்தால் இந்தப் பாடெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாரம் ஒருமுறைகூடக் கையில் அழுக்குப் படாமல் கார் வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டாம்.

கட்டபெட்டு வேகத்தடையில் மட்டும் இடதுபக்கம் இன்னும் ஒரு ‘டொக்’ கேட்கிறது. அது பானட் இல்லை, ஷாக் அப்சார்பர் என்கிறார் மெக்கானிக். அடுத்த ஞாயிறு தொழிற்சாலைத் தரையைக் கேட்டிருக்கிறேன்.