முட்டியைத் தொடாமலே ஊசிக்கு நாள் குறிக்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்

முழங்கால் வலி என்று கிளினிக்குக்குள் போனதும் "எங்கே வலி?" என்று ஒரே ஒரு கேள்வி. முட்டியைக் காட்டினால் போதும், எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு வந்துவிடும். படத்தோடு திரும்பினால் "ஜவ்வு (முட்டிக்குள் இரு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது) கிழிந்திருக்கு, எலும்போடு எலும்பு உரசுது, இப்பவே கவனிக்காவிட்டால் நடக்கவே முடியாது" என்பார்கள். அடுத்த மேசையில் ஒருவர் மூன்று ஊசிக்கான பேக்கேஜை விளக்கி, அன்றே முன்பணம் கேட்பார். இதற்குள் ஒருவரும் அந்த முட்டியில் கை வைத்திருக்க மாட்டார்கள். முழங்கால் வலியில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

'கிழிந்திருக்கு' என்ற சொல்லுக்கு இருக்கும் பயமுறுத்தும் சக்தி பொல்லாதது. 50 வயதைத் தாண்டியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. ஜவ்வில் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ இருக்கவில்லை. தலை நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றம் அது. படத்தில் தெரிவதுதான் வலிக்கிறதா என்பதைக் கையால் சோதித்தால்தான் சொல்ல முடியும்.

அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும்? முதலில் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு முட்டிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். முட்டிச் சில்லின் உள்பக்கப் பள்ளத்தை உள்ளங்கையால் மேல்நோக்கி வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கித் தடவுவார்கள். வழித்த பள்ளம் மெல்ல உப்பி வந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. மூட்டு இடுக்கைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தி, எந்தப் புள்ளியில் வலிக்கிறது என்று பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகாது.

இதில் அதிகம் விட்டுப்போவது இடுப்பு. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. அதனால் இடுப்பு தேய்ந்து, வலி முட்டியில் மட்டும் தெரிவது உண்டு. மல்லாந்து படுக்கவைத்து, இடுப்பையும் முட்டியையும் 90 டிகிரிக்கு மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளினால் தொடை உள்பக்கமாகச் சுழலும். அப்போது அதே முட்டி வலி வந்தால் சந்தேகம் இடுப்பின் மேல்தான் விழ வேண்டும். இதைப் பார்க்காமல் முட்டியில் எத்தனை ஊசி இறக்கினாலும் வீண். முட்டி வலி என்று நொண்டிக்கொண்டு வரும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கடுமை. இடுப்பில் தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருக்கக்கூடும். இடுப்பை எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்புவது மன்னிக்க முடியாத தவறு.

எக்ஸ்ரேயிலும் ஒரு சூது இருக்கிறது. தேய்மானத்தை நின்றபடி எடுத்த படத்தில்தான் அளக்க வேண்டும். படுத்து எடுத்தால் உடல் எடை மூட்டில் இறங்காது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமாகத் தெரியும். முட்டி எத்தனை டிகிரி மடங்கியிருக்கிறது, கதிர் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதும் அந்த இடைவெளியை மாற்றிவிடும். "சிகிச்சைக்கு முன், பின்" என்று சுவரில் மாட்டியிருக்கும் ஜோடிப் படங்களை இதை மனதில் வைத்துப் பாருங்கள். முதல் படம் நின்று எடுத்தது, அடுத்தது படுத்து எடுத்தது என்றால், ஒரு சொட்டு மருந்து போகாமலே, எலும்பு முனைகளை மூடி அந்த இடைவெளியை நிரப்பும் குருத்தெலும்பு 'வளர்ந்து' விடும்! இரண்டும் எந்த நிலையில் எடுத்தவை என்று கேளுங்கள்.

ஊசிகளுக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரம் அடக்கும். நீர் கோத்து வீங்கிய முட்டிக்கு அது நியாயமான மருந்துதான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வழக்கமாக்குவது வேறு. டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. ஊசியை 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், மருந்தே இல்லாத உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது. பி.ஆர்.பி. (நோயாளியின் ரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்துப் போடும் ஊசி) பற்றி 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்திய ஆய்வு வந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி, 12 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் உப்புநீருக்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வலி கொஞ்சம் குறையலாம் என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. "தேய்ந்தது திரும்ப வளரும், உத்தரவாதம்" என்று சொல்வதுதான் பொய். ஸ்டெம் செல் பேரம் இதைவிட மோசம். மூட்டுத் தேய்மானத்துக்கென்று எந்த ஸ்டெம் செல் ஊசிக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை.

துளை போட்டுக் கேமராக் குழாயை விட்டு மூட்டைச் 'சுத்தம் செய்யும்' ஆர்த்ராஸ்கோப்பியும் அப்படித்தான். 2002-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தேய்மானக்காரர்கள் 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, நிஜமாகவே சுத்தம் செய்துகொண்டவர்கள் அவர்களைவிட நன்றாக இல்லை. அடிபட்டபின் முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நிற்பது வேறு கதை, அதற்கு அறுவை தேவைப்படலாம்.

'இயற்கை' என்ற பெயரில் வரும் பொடி, மாத்திரைகள் ஊசிக்கு அஞ்சுகிறவர்களைப் பிடிக்கும் வலை. 2022-ல் அதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மூட்டு வலிக்கென்று விற்கப்பட்ட மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணியும் லேபிளில் சொல்லாமல் கலந்திருப்பதாக எச்சரித்தது. பல மாத வலி இரண்டே நாளில் மாயமானால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். முகம் உப்புவது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவது அடுத்த அடையாளங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பிசியோதெரபியிலும் ஏமாற்று உண்டு. படுக்கவைத்து மின்சாரப் பட்டையை ஒட்டிவிட்டு, பத்து நாள் பணம் வாங்கி, ஒரு பயிற்சியும் சொல்லித் தராமல் அனுப்புவது. தேய்மான முட்டிக்கு உண்மையில் கைகொடுப்பது முன்தொடைத் தசையின் பலம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, நீட்டிய காலைத் தூக்கிப் பிடிப்பது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது: ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். 12 வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது.

இப்படிப் பொறுமையாக இருக்கக்கூடாத முட்டிகளும் உண்டு. காய்ச்சலோடு சிவந்து, சூடாகி, வீங்கிய முட்டிக்கு அன்றே நீரை உறிஞ்சிச் சோதிக்க வேண்டும். சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே மூட்டு கெட்டுவிடும். அடிபட்டபின் நான்கு அடிகூட வைக்க முடியாவிட்டால் எலும்பு முறிவைப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் வரும் மூட்டு இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் போக வேண்டியது மூட்டுவாத நோய் நிபுணரிடம்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள், போட்ட மருந்தின் பெயர், அளவு, தேதி, எந்த முட்டி என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். "ஸ்பெஷல் ஊசி" என்று மட்டும் எழுதிய சீட்டு உதவாது. ஸ்டீராய்டு போயிருந்தால், அடுத்த மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று அறுவை செய்வது தொற்று அபாயத்தைக் கூட்டும். அறுவைக்கு நாள் குறிப்பவருக்கு அந்தத் தேதி கட்டாயம் தெரிய வேண்டும். ஊசிக்குப் பிறகு வலியும் வீக்கமும் ஏறிக்கொண்டே போய்க் காய்ச்சலும் சேர்ந்தால், போட்டவரின் தொலைபேசிக்குக் காத்திருக்காமல் அந்தச் சீட்டோடு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.