ஊட்டில சுத்தமான நீலகிரி தைலம் வேணுமா, ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க

போன மே மாசம் இ-பாஸ் எல்லாம் எடுத்துட்டு குடும்பத்தோட ஊட்டி போயிருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கடைல தைலம் வாங்குனேன், கல்லாவுக்கு மேல பெருசா பைபிள் வசன போர்டு, உள்ள கிறிஸ்தவப் பாட்டு ஓடுது, நம்ம ஆளுங்க கடைதானேன்னு ஒரு கேள்வியும் கேக்காம அரை லிட்டர் வாங்கிட்டேன். ரூமுக்கு வந்து கைல தேச்சா பிசுபிசுன்னு ஒட்டுது, வாசனை கொஞ்ச நேரத்துலயே போயிருச்சு. காசு போனத விட, அந்த வசனத்துக்குக் கீழ நின்னுட்டு இத வித்தாங்களேன்னுதான் மனசு ரொம்ப வலிச்சுது.

லாட்ஜ்ல இருந்த அண்ணன் இன்னொரு கடை சொன்னாரு. ஞாயித்துக்கிழமை போனா ஷட்டர் சாத்தியிருக்கு. மலர் கண்காட்சி சீசன், ரோடு பூரா வண்டி, அந்த ஒரு நாள் வியாபாரத்த யாராவது விடுவாங்களா? திங்கக்கிழமை காலைல கீழ இறங்கறதுக்கு முன்னாடி மறுபடி போனோம்.

சின்னக் கடை, நாலு பேர் நின்னா நெருக்கம். அறுபது வயசுக்கு மேல இருக்கற ஒரு ஐயா, கேத்திப் பக்கம் சொந்த ஊராம் (1846லயே பாசல் மிஷன்ங்கற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ ஊழியக்காரங்க வந்து இறங்குன ஊரு அது). நான் வாங்குன பாட்டில காட்டுனேன். எந்தக் கடைன்னு அவர் கேக்கவே இல்ல. வெள்ளைத்தாள்ல அதுல ஒரு சொட்டு, அவரோட தைலத்துல ஒரு சொட்டு விட்டு ஓரமா வெச்சுட்டாரு. அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா அவரோடது ஆவியாகிப் போயி தாள் காஞ்சு கெடக்கு, என்னோடது பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி எண்ணெய்க் கறை. நீங்களும் வீட்ல இப்படிப் பாக்கலாம்.

அதுக்குள்ள தைலம் காய்ச்சுற கதையையும் சொன்னாரு. 1843ல வெள்ளைக்காரங்க கொண்டு வந்து நட்ட யூகலிப்டஸ் மரம், இங்க கற்பூர மரம்னுதான் சொல்றாங்க. இலைய பெரிய அண்டால தண்ணியோட அடைச்சு கீழ நெருப்பு போட்டு, வர்ற ஆவிய தண்ணிக்குள்ள போற குழாய் வழியா குளுர வெச்சா தைலம் மேல மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தேறுனாலே பெருசு, அப்ப ரோட்டோரத்துல சல்லிசா விக்கறது என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க.

நான் நிக்கறப்பவே ஒரு அம்மா ஆறு மாசக் கொழந்தைக்கு சளின்னு கேட்டாங்க. "கைக்கொழந்தைக்கு இது வேண்டாம்மா, மூக்குகிட்ட கொண்டு போனா மூச்சுத் திணறும், டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவங்க முஸ்லிம், எனக்குப் பின்னாடி நின்னவங்க பழனிக்கு மாலை போட்டவங்க, எல்லார்கிட்டயும் ஒரே பேச்சு ஒரே அளவு. முட்டி வலி போயிரும், முடி வளரும்னு ஒரு வார்த்தை இல்ல.

கடைல வசனமே இல்லையேங்கய்யான்னு கேட்டேன். "வசனத்த ஒட்டிட்டு நான் தைலத்துல கலந்தா, வாங்குனவங்க திட்டறது என்னையா, கர்த்தரையா தம்பி?"ன்னாரு. ஞாயித்துக்கிழமை ஏன் லீவுன்னு கேக்கறவங்களுக்கு மட்டும் ஆராதனைக்குப் போறேன்னு சொல்லுவாராம், அதுவும் கேட்டாத்தான்.

நான் கோயமுத்தூர்ல சேல்ஸ்ல இருக்கேன். ஆபீஸ்ல பல மதத்துக்காரங்க, அங்க விசுவாசத்த எப்படிக் காட்டறதுன்னு வருஷக்கணக்கா யோசிச்சிருக்கேன், பேசுனா பிரசங்கம் மாதிரி ஆயிரும், பேசலன்னா மறைக்கற மாதிரி உறுத்தும். ஆனா மாசக் கடைசில டார்கெட்டுக்காக "இதான் சார் கடைசி பீஸ்"னு சொல்றப்ப மட்டும் உறுத்தவே இல்ல. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புன்னு நீதிமொழிகள்ல சின்ன வயசுலயே மனப்பாடம் பண்ணுனவன் நான், அந்தத் தராசு என் வாய்லயும் இருக்குன்னு தோணாமயே போயிருச்சு. ஊர் திரும்புன வாரம் ஒரு கஸ்டமர்கிட்ட ஸ்டாக் நெறைய இருக்குங்க, பொறுமையா முடிவு பண்ணுங்கன்னு சொன்னேன். அவர் இன்னும் வாங்கல.

குறைன்னா, வண்டி நிறுத்த எடமே இல்ல, பில்லு கையில எழுதித் தர்றதால நேரமாகும், கூரியர் அனுப்ப மாட்டாரு. 100 மில்லி 250 ரூபா, கண்ணாடி பாட்டில்ல ஊத்தி நியூஸ் பேப்பர்ல சுத்தித் தர்றாரு, மலைல பிளாஸ்டிக் தடைங்கறதால துணிப்பை கைல இருக்கட்டும். மூடிய இறுக்கி, நிமித்தி வெச்சு எடுத்துட்டு வாங்க, மலை இறங்கறப்ப ஒரு வளைவுல எங்களது ஒன்னு சாஞ்சு கார் பூரா வாசனை.